புள்ளித் துருவும் தேங்கும் நீரும்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஒரு காரின் பானட்டை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குனிந்து பாருங்கள். முன்விளிம்பு நெடுக, ஊசிமுனையிலிருந்து மிளகளவு வரை பெயிண்ட் தெறித்த புள்ளிகள் இருக்கும். சிலவற்றில் வெள்ளையோ சாம்பலோ தெரியும். சிலவற்றின் நடுவில் பழுப்பு தட்டியிருக்கும். அந்தப் பழுப்பைக் கண்டதும் சிலர் "வண்டி போச்சு" என்று மனம் விட்டுப்போய், விற்கவோ முழு பெயிண்ட் அடிக்கவோ கிளம்பிவிடுகிறார்கள். வேறு சிலர், பழைய வண்டிதானே, கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இரு தரப்பும் கண்ணில் படும் துருவை மட்டும் வைத்தே முடிவெடுக்கின்றன.

கண்ணில் படும் துரு ஒரு காரை முடித்துவைப்பது அரிது. புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாத இடங்களில், யாரும் பார்க்காத பக்கத்திலிருந்து தகட்டை அரிக்கும் துருவே காரை முடிக்கிறது. எவ்வளவு துரு என்பதைவிட எங்கே துரு என்பதே பெரிய கேள்வி. இதைப் புரிந்துகொண்டவர் ஒரு பழைய காரோடு பயமில்லாமலும் அலட்சியமில்லாமலும் பல ஆண்டுகள் வாழ முடியும். அந்தப் புரிதலுக்குத் தேவையான வேதியியல் அதிகமில்லை. ஒரு துளி உப்புநீரில் அடங்கிவிடும்.

கல் பட்ட இடம் சொல்லும் சேதி

ஒரு காரின் பெயிண்ட் முழுவதும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான். ஜெராக்ஸ் கடையில் வாங்கும் ஏ4 தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான். அந்தத் தாளின் கனத்துக்குள் நான்கைந்து அடுக்குகள் இருக்கின்றன. தகட்டை ஒட்டி, சில மைக்ரான் அளவில் துத்தநாகப் பாஸ்பேட் படிகங்கள். அதன்மேல் சுமார் 20 மைக்ரானுக்கு மின்பூச்சு. வண்டியின் கூடு முழுவதையும் பெயிண்ட் தொட்டியில் மூழ்கவைத்து, மின்சாரம் பாய்ச்சி, இண்டு இடுக்கெல்லாம் படியச் செய்யும் பூச்சு அது. அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாகப் பளபளப்பைத் தரும் கிளியர் கோட். புதிய கார்கள் பலவற்றில் தகட்டின் மீதே துத்தநாகம் பூசியிருப்பார்கள். போர்ஷே 911 காரின் கூட்டுக்கு 1970களின் நடுவிலேயே துத்தநாகம் பூசிய தகடு வந்துவிட்டது. நம் ஊரில் இன்றும் ஓடும் பழைய சிறு கார்கள் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருந்தாலும் சில தகடுகளுக்கு மட்டும்தான் இருக்கும்.

சாலையில் தெறிக்கும் கல் இந்த அடுக்குகளைத் துளைக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் படும் கல்லைவிட 120 கிலோமீட்டரில் படும் கல் நான்கு மடங்கு ஆற்றலோடு தாக்கும். இருவழிச் சாலையில் எதிரே வரும் லாரியின் டயர் ஒரு கல்லை நம் பக்கம் எறிந்தால், அதன் வேகமும் நம் வேகமும் கூடிக்கொள்ளும். அதனால்தான் பானட்டின் முன்விளிம்பு, கண்ணாடிக்கு மேலே கூரையின் விளிம்பு, முன்சக்கரத்துக்குப் பின்னால் கதவின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் தெறிப்புகள் குவிகின்றன. முன்னால் போகும் லாரியிலிருந்து விலகி ஓட்டுவது பெயிண்டுக்கும் நல்லது என்று சொல்லத் தனி ஆராய்ச்சி தேவையில்லை.

ஒரு தெறிப்பைப் பார்த்ததும் முதலில் கவனிக்க வேண்டியது அதன் அடியில் தெரியும் நிறத்தை. பூதக்கண்ணாடியோ செல்போன் கேமராவோ போதும். அடியில் சாம்பல், கறுப்பு அல்லது மங்கிய பச்சை நிறத்தில் வழவழப்பான பரப்பு தெரிந்தால், பெரும்பாலும் பிரைமரோ மின்பூச்சோ இன்னும் தகட்டை மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே அவசரம் எதுவும் இல்லை. வெள்ளியாக மின்னினால் தகடு திறந்துவிட்டது. பழுப்பாக இருந்தால் வேலை தொடங்கிவிட்டது. இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறியத் தெரிந்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஒரு துளிக்குள் நடப்பது

துரு என்றால் இரும்பும் ஆக்சிஜனும் சேர்வது என்று பள்ளியில் படித்தோம். அது பிழையில்லை. ஆனால் பாதிக் கதை. இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்கலம் வேலை செய்வது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி இன்னோரிடத்துக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொண்டு காரமாக மாறுகின்றன. கரையும் இடமும் ஆக்சிஜன் செலவாகும் இடமும் வேறு வேறு. இந்த ஒரு செய்தியில்தான் பழைய காரின் தலைவிதி எழுதப்பட்டிருக்கிறது.

இதைக் கண்முன் காட்டியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் ரிச்சர்ட்சன் எவன்ஸ். 1889இல் பிறந்த அவரை நவீன அரிமான அறிவியலின் தந்தை என்கிறார்கள். 1920களில் அவர் செய்த சோதனையை இன்று ஒரு பள்ளி ஆய்வகத்திலேயே செய்துபார்க்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்த ஓர் இரும்புத் தகட்டை எடுத்துக்கொள்கிறோம். உப்புநீரில் கொஞ்சம் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கொஞ்சம் பினால்ப்தலீனும் கலந்து, ஒரு துளியைத் தகட்டின்மேல் விடுகிறோம். முதல் பொருள், இரும்பு கரையும் இடத்தில் அடர்நீலமாகும். இரண்டாவது, காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும்.

துளி விழுந்த சற்று நேரத்தில் நீலமும் இளஞ்சிவப்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றுகின்றன. பிறகு மெல்ல ஒரு ஒழுங்கு வருகிறது. துளியின் ஓரம் மெல்லியது. காற்றிலிருந்து ஆக்சிஜன் அங்கே எளிதாக இறங்குகிறது. நடுவில் நீர் ஆழம். இருந்த ஆக்சிஜன் தீர்ந்தபின் புதிது வர நேரமாகிறது. ஆகவே இளஞ்சிவப்பு முழுவதும் ஓரத்துக்கு நகர்கிறது. நீலம் நடுவில் திரள்கிறது. இரண்டுக்கும் இடையில், கரைந்த இரும்பும் காரமும் சந்திக்கும் இடத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிகிறது. அதுதான் துரு.

நிதானித்துப் பாருங்கள். ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும் இடத்தில் இரும்பு தப்பிக்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கரைகிறது. துரு படியும் இடமும் தகடு தேயும் இடமும் ஒன்றல்ல. நாம் நினைப்பதற்கு நேர் எதிரான இந்த நடத்தைதான் மடிப்புகளையும் இடுக்குகளையும் ஆபத்தான இடங்களாக்குகிறது. கதவின் அடியில் இரண்டு தகடுகள் மடித்து இணையும் விளிம்பில் ஈரம் ஏறிவிட்டால், விளிம்பின் வாய் துளியின் ஓரமாகவும் உள்மடிப்பு துளியின் நடுவாகவும் ஆகிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகடு கரையும்.

பெயிண்ட் எதைத் தடுக்கிறது?

நீரும் காற்றும் படாமல் பெயிண்ட் தகட்டை மூடிவைக்கிறது என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். அதே கேம்பிரிட்ஜில் ஜே. இ. ஓ. மெய்ன் என்ற ஆய்வாளர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நம்பிக்கையை அளந்து பார்த்தார். பெயிண்ட் படலங்களின் ஊடாக எவ்வளவு நீரும் ஆக்சிஜனும் கடக்கின்றன என்று கணக்கிட்டார். பூச்சில்லாத இரும்பு துருப்பிடிக்கத் தேவைப்படும் அளவுக்கு நீரும் ஆக்சிஜனும் பல படலங்களைக் கடந்துவிடுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. அப்படியானால் பெயிண்ட் அடித்த இரும்பு ஏன் துருப்பிடிப்பதில்லை?

பெயிண்ட் தடுப்பது அயனிகளின் ஓட்டத்தை. மின்கலத்தில் எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடினால், ஈடுகட்ட நீரின் வழியே அயனிகள் ஓடியாக வேண்டும். நல்ல பெயிண்ட் படலம் அந்த ஓட்டத்துக்குப் பெரும் மின்தடையாக நிற்கிறது. தகட்டோடு இறுகப் பற்றிக்கொண்டு, நீர் தேங்க இடைவெளி தராமலும் பார்த்துக்கொள்கிறது. ஆக, பெயிண்டின் வலிமை இரண்டு: உப்பை உள்ளே விடாமை, தகட்டை விடாமல் பிடித்திருத்தல்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விதி கிடைக்கிறது. உப்பு ஒட்டியிருக்கும் துருவின்மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால், பகையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதாகிவிடும். வெளியிலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கும், உப்பு உள்ளேயே இருக்கும். சில மாதங்களில் அந்த இடம் கொப்புளம் போல உப்பும்.

தெறிப்பைச் சுற்றிப் பெயிண்ட் ஏன் உரிந்துகொண்டே போகிறது என்பதற்கும் இங்கேதான் விடை. திறந்துகிடக்கும் தெறிப்பின் நடுவில் இரும்பு கரைகிறது. பெயிண்டின் ஓரத்துக்கு அடியில் ஆக்சிஜன் செலவாகிக் காரம் உண்டாகிறது. பெயிண்ட் தகட்டைப் பிடித்திருக்கும் பிடியை அந்தக் காரம் தளர்த்துகிறது. தளர்ந்த இடத்தில் உப்புநீர் நுழைகிறது, வட்டம் விரிகிறது. கூடவே துரு தான் கரைத்த இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைப்பதால், மேலே இருக்கும் பெயிண்டைத் தூக்கிவிடுகிறது. மிளகளவுப் புள்ளி காசளவு ஆவது இப்படித்தான். சிறியதாக இருக்கும்போதே மூடிவிட வேண்டும் என்பதற்கு இந்தப் பரவல்தான் காரணம். தகடு ஓட்டையாகிவிடும் என்ற பயம் காரணமில்லை.

கடற்காற்றின் கணக்கு

தகடு எவ்வளவு வேகமாகத் தேயும்? இதற்கு ஐஎஸ்ஓ 9223 என்ற உலகத் தரநிர்ணயம் இருக்கிறது. பூச்சே இல்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் எவ்வளவு தேய்கிறது என்பதை வைத்து ஊர்க்காற்றை வகைப்படுத்துகிறது. நடுத்தர அரிமானம் உள்ள காற்றில் ஆண்டுக்கு 25 முதல் 50 மைக்ரான். அதற்கடுத்த வகையில் 50 முதல் 80. கடுமையான கடலோரக் காற்றில் 80 முதல் 200.

காரின் வெளித்தகடு சுமார் 0.7 மில்லிமீட்டர், அதாவது 700 மைக்ரான். நடுத்தரக் காற்றில் ஆண்டுக்கு 50 மைக்ரான் வீதம் தேய்ந்தாலும் பூச்சில்லாத தகடு முழுதாகக் கரைய 14 ஆண்டுகள் ஆகும். உண்மையில் அதைவிட அதிகமாகவே ஆகும். திறந்தவெளியில் நனைந்து காயும் தகட்டில் தேய்மானம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ பானட்டில் இருக்கும் ஒரு பழுப்புப் புள்ளி இந்த வாரமே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டிய விஷயம் இல்லை.

கடலோரத்தில் கணக்கு மாறுகிறது. 200 மைக்ரான் வீதம் என்றால் மூன்றரை ஆண்டுதான். உப்பு நீரை மின்கடத்தியாக்குகிறது. அதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கசிந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75ஐத் தாண்டுகிறது. மழை வேண்டாம், பனி வேண்டாம். பெசன்ட் நகரில் நிற்கும் காரின்மேல் படிந்த உப்புத்தூள், இரவெல்லாம் எவன்ஸின் துளியை ஆயிரக்கணக்கில் தயாரித்துக்கொண்டே இருக்கும். கடலிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் உப்பின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், இரண்டு தெரு தள்ளி நிறுத்தினால்கூட வித்தியாசம் தெரியும்.

கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பது தமிழ்நாட்டுக்கு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அரிமான ஆய்வுக்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உலோகத் தகடுகளை அந்த உப்புக்காற்றில் நிறுத்திவைத்து, எடை குறைவதை அளந்து பார்க்கும் ஊர் அது. அதன் அருகில்தான் பழைய பாம்பன் ரயில் பாலம். 1914இல் திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயில்களைச் சுமந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தைச் சுரண்டி, மறுபடி அடித்து, தேய்ந்த உறுப்பை மாற்றி, திரும்பத் திரும்பச் செய்த பராமரிப்பில்தான் நூறாண்டைத் தாண்டியது. துரு பிடிக்காத இரும்பு அங்கே யாருக்கும் கிடைத்துவிடவில்லை. துருவை முந்திக்கொண்டே இருந்தார்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்

பானட்டிலும் கூரையிலும் இருக்கும் தெறிப்புகள் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துவிடுகின்றன. மழைநீர் உப்பையும் கழுவிவிடுகிறது. இதனால்தான் அங்கே துரு மெதுவாக நடக்கிறது. மூடிய பகுதிகளுக்கு வெயிலும் இல்லை, கழுவலும் இல்லை. போன உப்பு போனபடியே தங்கும், ஆண்டுக்கு ஆண்டு சேரும்.

கதவின் அடிவிளிம்பிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடியை ஒட்டி உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற, கதவின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. மண்ணும் இலைத்தூளும் அவற்றை அடைத்துக்கொண்டால் கதவு ஒரு தொட்டியாகிவிடும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அவற்றைக் குத்தித் திறப்பது, பழைய காருக்கு ஒருவர் செய்யக்கூடிய செலவில்லாத பெரிய உதவி. அடுத்து, காலடியில் விரித்திருக்கும் கார்பெட். அதைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கதவு ரப்பரிலோ ஏசி நீர்க்குழாயிலோ கசிவு இருக்கிறது. தரைத்தகடு மேலிருந்து கீழாக அரிபடுவது இங்கேதான். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, சக்கர வளைவுகளின் உள்மடிப்பு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சட்டம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

அனுபவமுள்ள டிங்கர் இந்த இடங்களில் பெயிண்டைப் பார்ப்பதைவிட அதிகமாகத் தட்டித்தான் பார்ப்பார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சட்டத்தின் நெடுகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகட்டில் சத்தம் கணீரென்று வரும். அரித்த தகட்டில் மொத்தென்று அமுங்கும். சந்தேகம் வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். பெயிண்ட் நொறுங்கி விரல் உள்ளே போனால், கேள்வியே வேண்டாம். "இது மேல்துரு சார், தகடு நல்லா இருக்கு" என்று ஒரு டிங்கர் சொன்னால் அதை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். தட்டிப் பார்த்துச் சொன்னால் நம்பலாம். பழைய காரை வாங்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போவதும் பயன்படும். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி கனமாகப் பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது.

சில இடங்களில் துருவைப் பார்த்துப் பதற வேண்டாம். மழையில் நனைந்து ஓரிரவு நின்ற காரின் பிரேக் டிஸ்கில் காலையில் ஆரஞ்சு நிறம் ஏறியிருக்கும். வார்ப்பிரும்பின் மேல்தோலில் மட்டும் படியும் அந்தத் துரு, நாலு முறை பிரேக் பிடித்தால் உரசிப் போய்விடும். வேறு சில இடங்களில் கொஞ்சம் துருகூடப் பெரிய விஷயம். பிரேக் ஆயில் ஓடும் இரும்புக் குழாய், சஸ்பென்ஷன் பொருந்தும் தகடு, சீட் பெல்ட் நங்கூரம், அடிச்சட்டம் ஆகியவற்றில் செதில் செதிலாகத் துரு உரிந்தால் அது அழகைப் பற்றிய கேள்வியல்ல, உயிரைப் பற்றியது. அங்கே மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொல்லுக்கு இடம் கிடையாது.

பாஸ்பரஸும் கடுக்காயும்

டெல்லியில் குதுப்மினார் வளாகத்தில் நிற்கும் இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகள் பழையது. உயரம் 7 மீட்டருக்கு மேல், எடை 6 டன்னுக்கு மேல். அது ஏன் துருப்பிடிக்கவில்லை என்பதற்கு கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் தந்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அந்தக் காலத்து உலைகளில் சுண்ணாம்பு சேர்க்காததால் தாதுவில் இருந்த பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. சுமார் கால் சதவீதம். இன்றைய எஃகில் இருப்பதைவிட அது பல மடங்கு. நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து பாஸ்பேட் படலமாகத் தூணின் மேனியில் படிந்து இறுகிக்கொண்டது. கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதே தூணின் மண்ணுக்குள் புதைந்த பகுதி காய வழியில்லாமல் கனமாகத் துருவேறிப்போயிருந்தது. ஒரே இரும்பு, ஒரே பாஸ்பரஸ். இடம் மட்டும்தான் வேறு.

காரின் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பாஸ்பேட் அடுக்கும், கடையில் விற்கும் துரு மாற்றி திரவத்தில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலமும் இதே வேதியியலின் வேறு வடிவங்கள். அமிலம் மெல்லிய துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. வேறு வகைத் துரு மாற்றிகளில் டானிக் அமிலம் இருக்கும். அதைத் தடவியதும் பழுப்புத் துரு நீலம் கலந்த கறுப்பாக மாறுவதைப் பார்க்கலாம். இந்தக் கறுப்பு நமக்குப் பழக்கமானது. கடுக்காய்ச் சாற்றில் ஊறிய துணியின்மேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் கோடு போட்டால் கலம்காரியின் கறுப்பு பிறக்கிறது. கடுக்காயில் இருக்கும் டானினும் இரும்பும் சேர்ந்த கறுப்பு அது.

இனி ஒரு தெறிப்பைச் சரிசெய்யும் முறை. முதலில் சோப்புநீரால் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். உப்பு போக வேண்டும் என்பதே நோக்கம். காய்ந்தபின், சின்னக் குச்சியின் நுனியில் ஒட்டிய உப்புத்தாளால் பழுப்பு போகும்வரை தேயுங்கள். தளர்ந்து நிற்கும் பெயிண்டின் ஓரத்தையும் பிடிப்புள்ள இடம் வரும்வரை எடுத்துவிட வேண்டும். வட்டம் சற்றுப் பெரிதாவதைப் பார்த்துத் தயங்காதீர்கள். குழிகளில் மிச்சம் இருக்கும் துருவுக்குத் துரு மாற்றியை ஒரு பல்குச்சியால் தொட்டுவைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காத்திருங்கள். பிறகு எபாக்ஸி அல்லது துத்தநாகப் பாஸ்பேட் பிரைமர். அது நன்றாகக் காய்ந்ததும் வண்டியின் பெயிண்ட் எண்ணைச் சொல்லி வாங்கிய டச்சப் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காயக் காய வைக்க வேண்டும். கடைசியாகக் கிளியர் கோட். மழைநாளில் இந்த வேலை வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

அருகில் போய்ப் பார்த்தால் தொட்ட இடம் தெரியத்தான் செய்யும். பரவாயில்லை. தகடு மூடிக்கொண்டது, உப்பின் பாதை அடைபட்டது. வேலை முடிந்தது.

பழைய பூச்சைக் காப்பாற்றுங்கள்

இத்தனை புள்ளிகள் இருக்கின்றனவே, மொத்தமாகச் சுரண்டிப் புதிதாக அடித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். தகடு பரவலாக அரித்திருந்தால் அது தவிர்க்க முடியாதது. புள்ளிகளுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தொழிற்சாலையில் அடித்த மின்பூச்சு, வெற்றுக் கூட்டைத் தொட்டியில் மூழ்கவைத்து, 160 முதல் 180 டிகிரி வெப்பத்தில் சுட்டு இறுக்கியது. முழுதாகக் கட்டிய காரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயர்களும் இருப்பதால் எந்த ஒர்க்‌ஷாப்பும் அந்த வெப்பத்தைக் கொடுக்க முடியாது. அங்கே 60, 80 டிகிரிதான் எல்லை. சட்டங்களின் உட்பக்கத்துக்கு ஸ்பிரே துப்பாக்கியும் எட்டாது. பத்து இருபது தெறிப்புகளோடு இருக்கும் தொழிற்சாலைப் பெயிண்ட், அவசரமாகச் சுரண்டி அடித்த பளபளப்பைவிடத் தகட்டுக்கு நல்ல காவல்.

அந்தக் காவலை நீட்டிக்கும் வழிகள் எளியவை. கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை வண்டியை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மேல்புறத்தைவிடச் சக்கர வளைவுகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் தண்ணீர் போவது முக்கியம். போர் நீர் உப்பாக இருந்தால் கழுவிய பின் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு இருக்கும் காரைப் பிளாஸ்டிக் கவரால் மூடாதீர்கள். காற்றோட்டம் உள்ள நிழலே கவரைவிட நல்லது. அடிப்பக்கத்தில் தார் போன்ற பூச்சு அடிப்பவரிடம், நீர் வெளியேறும் ஓட்டைகளை மூடாமல் அடிக்கச் சொல்லுங்கள். பழைய பூச்சு வெடித்துத் தொங்கினால் அதன் பின்னால் ஈரம் தங்கும். அதைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிது அடிக்க வேண்டும். மூடிய சட்டங்களுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைக் குழாய் வழியாகப் பீய்ச்சிவிடுவது, வெளியே ஒரு புது பெயிண்ட் அடிப்பதைவிட அதிக ஆண்டுகளைத் தரும்.

நம் நாட்டில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. அதன்பிறகு தகுதியைப் பார்த்து ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கிறார்கள். ஒரு கார் அந்த நாளை எந்த நிலையில் சந்திக்கும் என்பது பானட்டில் எத்தனை புள்ளி என்பதைப் பொறுத்ததல்ல. கதவின் ஓட்டைகள் திறந்திருந்தனவா, கார்பெட் காய்ந்திருந்ததா, சட்டத்தை யாராவது தட்டிப் பார்த்தார்களா என்பதைப் பொறுத்தது. புள்ளிகளை ஓய்வுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். நீர் தேங்கும் இடங்களை இந்த வாரமே பாருங்கள்.